கண்டிச்சீமைக்குப் போன பூட்டனின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பூட்டன் பெயர் பெரியகருப்பன். மேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு பட்டியிலிருந்து கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கைக்கு, தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். 1964ஆம் வருஷம் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970களில் குடும்பம் திரும்பி வந்து நீலகிரியில் தங்கிவிட்டது. "பழைய டைரக்டரிகள் இப்போது ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. அவற்றில் பூட்டன் பெயரைத் தேடலாமா? மதுரையில் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும்?" என்பது கேள்வி.

வருவாய்த் துறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு இப்படித் தேடி வருகிறவர்களுக்கு என்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டைரக்டரி விஷயம். வெள்ளைக்காரன் காலத்து டைரக்டரிகள் யாருக்காக அச்சாகின என்று யோசித்துப் பாருங்கள். அசைலம் பிரஸ் அல்மனாக், தாக்கர்ஸ் டைரக்டரி இரண்டிலும் கலெக்டர், ஜட்ஜ், பாதிரியார், வக்கீல், ஜமீன்தார், பெரிய வியாபாரி இவர்கள் பெயர்தான் இருக்கும். ஏர் பிடித்தவரும் கொழுந்து பறித்தவரும் அதில் இல்லை. ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார், இடத்தைத் தேடினால் பலன் உண்டு. கொழும்பில் 1859 முதல் வெளிவந்த ஃபெர்குசன் டைரக்டரி இலங்கையிலுள்ள ஒவ்வொரு தோட்டத்தையும், அது எந்த வட்டாரம், எத்தனை ஏக்கர், யார் துரை என்பதோடு பட்டியல் போட்டிருக்கிறது. நம் ஆட்கள் தோட்டங்களுக்குத் தாங்களாகவே தமிழில் பெயர் வைத்துக்கொண்டார்கள். உங்கள் பாட்டி சொல்லும் தோட்டப் பெயரும் காகிதத்தில் இருக்கும் இங்கிலீஷ் பெயரும் ஒட்டவே ஒட்டாது. பழைய பதிப்புகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களுக்கும் பட்டியல் உண்டு. பாட்டி சொன்ன பெயரை அதில் பிடித்துவிட்டால் தோட்டம் உறுதியாகிவிடும். ஒரே ஊரிலிருந்து கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) கூட்டிப்போன ஆட்கள் பெரும்பாலும் ஒரே தோட்டத்தில்தான் இருந்தார்கள். அதே தோட்டத்திலிருந்து வந்த வேறு குடும்பங்களுக்கு ஊர்ப் பெயர் நினைவிருக்கலாம்.

இலங்கைக்குப் போனவர்களைத் தேடுவதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதிவு உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள மச்சம் வரைக்கும் எழுதியிருப்பார்கள். கண்டிச்சீமைக்குக் கங்காணி மூலம் போனவர்களுக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது. 1900களின் தொடக்கத்தில் தொழிலாளர்களுக்கு அடையாளமாகக் கொடுக்க ஆரம்பித்த தகரத் துண்டு தோட்டத்தைத்தான் சொல்லும், ஊரைச் சொல்லாது. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். உங்கள் வீட்டில் யாராவது அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தால் எண்ணையும் எழுத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

உங்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் வீட்டிலேயே இருக்கும். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்த குடும்பங்களுக்கு இந்திய பாஸ்போர்ட்டும் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையும் கொடுத்தார்கள். அந்த இரண்டையும் ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். அதற்கு முன்னால் 1949ஆம் வருஷச் சட்டத்தின்படி இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தால் அந்த மனு நகலையும் தேடுங்கள். சொந்த ஊர் என்று ஏதாவது எழுதியிருந்தால் இங்கிலீஷ் எழுத்தை நம்பாதீர்கள். வாய்விட்டுப் படித்து, மேலூர்க்காரர் ஒருவரிடம் ஒலியைச் சொல்லிக் கேளுங்கள். கருங்காலக்குடியும் கீழவளவும் ஒரு குமாஸ்தா கையில் என்னவெல்லாம் ஆகியிருக்கின்றன என்று நானே பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஜனங்கள் சொல்வது குடியிருக்கும் பட்டியின் பெயரை. சர்க்கார் எழுதுவது வருவாய் கிராமத்தின் பெயரை. ஒரு வருவாய் கிராமத்துக்குள் ஐந்தாறு உட்கடை ஊர்கள் இருக்கும். உங்கள் பட்டி எந்தக் கிராமத்து உட்கடை என்று தெரியாமல் ரெக்கார்டு ரூமுக்குப் போனால், "அப்படி ஒரு கிராமமே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்குத்தான் தபால் இலாகா வெளியிட்ட பழைய கிராம டைரக்டரிகளும், ஜில்லா வாரியான கிராமப் பட்டியல்களும், 1951க்குப் பிறகு வந்த ஜனத்தொகைக் கணக்கெடுப்புக் கையேடுகளும் உதவும். மேலூர்ப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. "நாங்கள் வெள்ளலூர் நாடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாடு, கரை என்பதெல்லாம் உறவுக் கணக்கு, கோயில் கணக்கு. வருவாய்க் கணக்கில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் நாட்டின் பெயரும் கரையின் பெயரும் தெரிந்தால் தேட வேண்டிய கிராமங்கள் பாதிக்குமேல் குறைந்துவிடும். அதனால் வீட்டில் அதையும் கேட்டுவிடுங்கள்.

'மதுரை ஜில்லா' என்று பழைய காகிதத்தில் கண்டால் இன்றைய மதுரை மாவட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. 1910 வரை சிவகங்கையும் ராமநாதபுரமும் அதற்குள்தான். திண்டுக்கல் 1985இலும் தேனி 1990களிலும் பிரிந்தன. மேலூரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கும் திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்கள் இன்று வேறு மாவட்டம்.

சரி, ஊருக்கு வந்துவிட்டோம். இப்போது பெரியகருப்பனைத் தேடலாமா? வேண்டாம். மேலூர்ப் பக்கம் எந்தக் கிராமக் கணக்கைத் திறந்தாலும் பத்துப் பதினைந்து பெரியகருப்பன் இருப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். ஆண்டி மகன் பெரியகருப்பன், அவர் மகன் ஆண்டி, அவர் மகன் மறுபடியும் பெரியகருப்பன். தகப்பன் பெயர் சேர்ந்து நின்றாலும் நீங்கள் பிடித்தது பூட்டனையா, அவருடைய தாத்தாவையா என்று தெரியாது. அதனால் போனவரை விட்டுவிட்டு, அவர் விட்டுவிட்டுப் போனவர்களைத் தேடுங்கள். அண்ணன் தம்பிகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கையகலமாவது நிலம் இருந்திருக்கும். மனிதர் கடல் தாண்டிப் போவார், நிலம் நகராது.

மதுரை ஜில்லாவின் ரயத்துவாரி கிராமங்களில், அதாவது சர்க்கார் குடியானவரிடம் நேரடியாகத் தீர்வை (நிலவரி) வாங்கிய கிராமங்களில், 1880களில் அளவையும் செட்டில்மெண்டும் (தீர்வை நிர்ணயமும்) நடந்தன. அப்போது எழுதிய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர்தான் நம் குடியானவர்களுக்கு டைரக்டரி. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நஞ்சையா புஞ்சையா, மண் தரம், ஏக்கர் செண்ட், தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் என்று வரிசையாக இருக்கும். முப்பது வருஷத்துக்கு ஒருமுறை தீர்வையைத் திருத்துவது அந்தக் கால விதி. அதனால் பிறகு ரீசெட்டில்மெண்ட் ரிஜிஸ்டரும் உண்டு. 1895இல் பெரியாற்று அணை முடிந்து தண்ணீர் மேலூர்ப் பக்கம் வந்தபின் புஞ்சையாக இருந்த காடுகள் நஞ்சையாக மாறியதை இந்த இரண்டு ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்குப் பிறகு 1980களில் முடிந்த யூடிஆர் என்ற நிலப் பதிவேடு திருத்தும் திட்டம். கிராமத்து நிலங்களைப் பட்டியல் போடும் இன்றைய 'அ' பதிவேட்டில் புதுப் புல எண்ணோடு பழைய எண்ணும் இருக்கும். அதைப் பிடித்து யூடிஆருக்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று பின்னோக்கிப் போக வேண்டும். கூட்டுப் பட்டாக்களைக் கவனமாகப் படியுங்கள். அக்கரைக்குப் போன தம்பியின் பெயரை யாரும் மெனக்கெட்டு நீக்கமாட்டார்கள். ஆள் போய் நாற்பது ஐம்பது வருஷம் ஆன பிறகும் அண்ணன்மார் பெயரோடு சேர்ந்து கூட்டுப் பட்டாவில் அவர் பெயர் நின்றதை நான் பல கிராமங்களில் பார்த்திருக்கிறேன்.

ஜமீன் கிராமமாக இருந்தால் கதை வேறு. சிவகங்கை, சாப்டூர், கண்டமனூர் போன்ற ஜமீன்களில் 1948ஆம் வருஷ ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் சர்க்கார் செட்டில்மெண்ட் நடந்தது. அதற்கு முந்தைய கணக்கு ஜமீன் கச்சேரிக் கணக்கு, கிடைப்பது அபூர்வம். மானிய (இனாம்) நிலமாக இருந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். பூசாரி, குயவர், நாவிதர், வண்ணார் என்று ஊர் ஊழிய மானியம் அனுபவித்தவர்களை 1858இல் அமைந்த இனாம் கமிஷன் விசாரித்து எழுதிய ரிஜிஸ்டரில் முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு என்ன வயது, முன்னவருக்கு என்ன உறவு என்றெல்லாம் பத்திகள் உண்டு. அவை சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அடுத்தது பத்திரம். என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். சென்னை மாகாணத்தில் 1860களின் நடுவிலேயே பத்திரப் பதிவு தொடங்கிவிட்டது. வில்லங்கச் சான்றை இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பெயர் வாரி அட்டவணை ஒன்று, சொத்து வாரி அட்டவணை ஒன்று என்று அங்கே இரண்டு உண்டு. புல எண் கையில் இருந்தால் சொத்து வாரி அட்டவணையில் தேடச் சொல்லுங்கள்.

என் சொந்தத் தாத்தாவின் அண்ணன் எழுதிக்கொடுத்த ஒரு கிரயப் பத்திரத்தின் நகலை இப்படித்தான் வாங்கினேன். 1920களில் எழுதியது. "...கிராமத்திலிருக்கும் இன்னார் மகன் இன்னார், மைனர் குமாரனுக்குத் தாயும் கார்டியனுமான இன்னாள், ஆக இருவரும் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம். என்னவென்றால்" என்று தொடங்குகிறது. என் தாத்தாவின் தாயார் பெயரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'ஆத்தா'தான். அந்தக் 'கார்டியனுமான' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. கீழே பெருவிரல் ரேகை, அதன் பக்கத்தில் 'தற்குறி' என்ற சொல். நகல் எழுதியவர் ரேகை இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் போட்டிருந்தார். அந்த வட்டத்தை என் அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே பத்திரத்தில் இன்னொரு வரியும் உண்டு: "தம்பி அக்கரைச் சீமையில் இருந்து வருகிறபடியால் அவன் பாகம் நீக்கி". எங்கள் குடும்பத்திலும் ஒருவர் கண்டிக்குப் போயிருந்தார் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. உங்கள் பூட்டனும் ஏதோ ஒரு பத்திரத்தில் இப்படித்தான் இருப்பார். எழுதிக்கொடுத்தவராக இருக்கமாட்டார், ஊரில் இல்லாதவராக இருப்பார்.

பத்திரத்தில் நான்கு மால் (நான்கு பக்கத்து எல்லை) எழுதியிருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள். "அய்யனார் கோயில் பாதைக்கு வடக்கு, அழகன் பாகத்துக்குத் தெற்கு" என்று வரும். நம் நிலம் பாதைக்கு வடக்கில் இருக்கிறது என்று பொருள். பாதை வடக்கில் இருப்பதாகப் படித்துவிட்டுத் தலைகீழாகத் தேடிய பட்டதாரிகள் உண்டு. மாலில் 'பாகம்' என்ற சொல் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அடுத்த வயல்காரர் பெரும்பாலும் பங்காளி. தகப்பன் நிலத்தை நான்கு மகன்கள் பிரித்துக்கொண்டால் நால்வரும் ஒருவருக்கொருவர் எல்லையாகிவிடுவார்கள். ஒரே வயலைச் சுற்றி இருபது வருஷ இடைவெளியில் எழுதிய மூன்று பத்திரங்கள் கிடைத்தால் மால்களை மட்டும் வைத்து வம்சாவளி வரைந்துவிடலாம். 'பிதுரார்ஜிதம்' என்று இருந்தால் தகப்பன் வழி வந்தது, 'சுயார்ஜிதம்' என்றால் அவரே சம்பாதித்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினை வழக்கு ஏதாவது நடந்திருந்தால் இன்னும் நல்லது. கோர்ட்டுக் கட்டில் வம்சாவளி வரைபடமே இருக்கும்.

நிலமே இல்லாத குடும்பமாக இருந்தால் என்ன செய்வது? கண்டிக்குப் போனவர்களில் பலர் அப்படித்தான். 1876–78 பஞ்சத்தில் போனவர்களுக்கும் பண்ணையாளாக இருந்தவர்களுக்கும் பட்டா ஏது? தாழ்த்தப்பட்டோருக்கு 1892 முதல் நிபந்தனையோடு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் ரிஜிஸ்டரில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதில் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் தாய், தகப்பன், ஞானத்தாய் தகப்பன் பெயர்கள் இருக்கும். அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. மேலூர், திருமங்கலம், வத்தலக்குண்டு என்று பல ஊர்களில் அதற்கு நிலையங்கள் இருந்தன. கள்ளர் குடும்பமாக இருந்தால் கைரேகைச் சட்டம் என்ற குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பதிவேடுகளும் ஒரு தடம். எழுதவே வலிக்கிற விஷயம் அது. பிறந்த சாதிக்காக ஊர் ஊராகப் பெயரெழுதி ரேகை எடுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் காகிதத்தில் தன் பாட்டன் பெயரைக் காணும் பேரன் தலைகுனிய ஒன்றுமே இல்லை.

பிறப்பு இறப்புப் பதிவை நான் இரண்டாவது வரிசையில்தான் வைப்பேன். கிராம முன்சீப் எழுதிய பிறப்புக் கணக்கில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், தகப்பன் பெயரை வைத்து ஊகிக்க வேண்டும். இறப்புக் கணக்கு அதைவிட மேல். பெயரும் வயதும் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் நல்லதுதான், பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது அது.

இனி நான் டைரக்டரி என்றே மதிக்கிற ஒன்றைச் சொல்கிறேன். மொய் நோட்டு. ஊர் தெரிந்த பிறகு அங்கே நான்கைந்து பழைய வீடுகளில் "பழைய மொய் நோட்டு இருக்கிறதா?" என்று கேளுங்கள். நீள நோட்டு, மூலையில் மஞ்சள் தடவியிருக்கும், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே தாய்மாமன் வரிசை. பிறகு ஊர் ஊராக, ஆள் ஆளாக, தகப்பன் பெயரோடு, ரூபாய் அணாவோடு. யார் யாருக்குக் கொண்டு கொடுத்த உறவு என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், அதனால் பெயரைத் தப்பாக எழுதமாட்டார்கள். பெண் கொடுத்த ஊர்களின் பெயர் அதில் வருவதால், ஆண் பெயர் மட்டும் நிறைந்த சர்க்கார் கணக்கில் தொலைந்துபோகும் பெண்வழியும் பிடிபடும். அப்புறம் குலதெய்வக் கோயில். தலைக்கட்டு வரி எழுதும் நோட்டில் பங்காளி வீடுகள் அத்தனையும் இருக்கும்.

பழைய காகிதத்தைப் படிக்கச் சில கணக்குகள் தெரிய வேண்டும். வருவாய்க் கணக்கில் எழுதும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அந்த வருஷ ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1290 என்றால் 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரை. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது வருஷம் 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. "தாது வருஷப் பஞ்சம்" என்றால் முதலாவது. தமிழ் எண்களையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படித்துவிடுங்கள். ௧, ௨, ௩ தெரியாமல் புல எண்ணை நழுவவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆபீஸ் விஷயம். தாலுகா ஆபீசிலும் கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமிலும் மனு எழுதும்போது 'என் முன்னோர் பற்றிய தகவல்' என்று எழுதாதீர்கள். கிராமம், புல எண், ரிஜிஸ்டரின் பெயர், வருஷம் நான்கையும் குறிப்பிட்டு நகல் கேளுங்கள். வாய்வார்த்தையாக இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை 'கரையான் அரித்துவிட்டது' என்றார்கள். எழுத்தில் கேட்டபோது கட்டு வெளியே வந்தது, ஓரம் மட்டும்தான் அரித்திருந்தது.

ஊருக்குப் போகும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. எழுபது எண்பது வருஷம் கழித்து ஒருவன் பட்டா நகலோடு வந்து நின்றால் 'பங்கு கேட்டு வந்திருக்கிறான்' என்றுதான் முதலில் நினைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. காகிதத்தை வெளியே எடுக்காதீர்கள். குலதெய்வத்தைக் கும்பிட வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், அதுதானே உண்மையும். மாசி மாசம் சிவராத்திரியை ஒட்டிப் போனால் வெளியூரில் இருக்கும் பங்காளிகளும் வந்திருப்பார்கள். ஊரில் மூத்த அப்பத்தா யாரென்று விசாரித்து, "கண்டிக்குப் போன பெரியகருப்பன் வீடு" என்று ஆரம்பியுங்கள்.

அதற்கு முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான் தம்பி. உங்கள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தோட்டத்தின் தமிழ்ப் பெயர், கங்காணியின் பெயர், குலதெய்வத்தின் பெயர் மூன்றையும் அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். திருத்தாமல், அவர் வாயில் வரும் ஒலியிலேயே எழுதுங்கள். ஆபீசில் இருக்கும் ரிஜிஸ்டர் அடுத்த வருஷமும் இருக்கும்.